பன்னிரண்டாவது இருமல்

முரல்பட்டினத்துச் சந்தியாகப்பர் கோயிலில் இருமல் வந்து குடியேறியது எந்த நாள் என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாளைச் சொல்வார்கள், மூன்று ராசாக்கள் திருநாள் என்பார் ஒருவர், அதற்கு முந்தின ஞாயிறு என்பார் இன்னொருவர், அன்றைக்கு நான் கோயிலுக்கே போகவில்லை ஆனாலும் எனக்குத்தான் முதலில் கேட்டது என்று சாதிப்பவர்களும் அந்த ஊரில் உண்டு; நாள் எதுவானால் என்ன, நடந்தது இதுதான். கிளமென்ட் சாமியார் பிரசங்கத்தில் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், ஆண்கள் பக்கம், நாலாவது வரிசையில், யாருமே உட்கார்ந்திராத வெறுந்தரையிலிருந்து கனத்த இருமல் ஒன்று வந்தது. அது பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிற லேயோன் மாமாவின் இருமல். மாமாவோ அந்த நேரத்தில் நாலு தெரு தள்ளி வீட்டில் கிடந்தார். அவர் பெண்சாதி தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வீட்டுலதான் கண்ண மூட விடமாட்டாவ, இங்கயுமா வந்துட்டாவ" என்று சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடர்ந்து உருட்டினாள்.

அடுத்த ஞாயிறு இன்னும் ரெண்டு, அதற்கடுத்த வாரம் ஐந்து, மாசி பிறப்பதற்குள் பதினொன்று. எல்லாம் படுத்த படுக்கையாய், நடை தளர்ந்து, கண் அவிந்து, கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கிற பெரியவர்களின் இருமல். முப்பது நாற்பது வருஷமாக யார் எந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்களோ அந்தந்த இடத்துத் தரையிலிருந்து அவரவர் இருமல் வந்தது. லேயோன் மாமா வீட்டில் ஒருத்தரும் கோயிலில் ஒருத்தருமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு சோதித்தும் பார்த்தார்கள். அங்கே இருமின அதே நொடியில் இங்கேயும் இருமியது. சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம், "அங்கன உக்காராதிய, அது எங்க சின்னத்தை இருமுற எடம்" என்று நகரச் சொன்னார்கள். மைக்செட்காரர் வந்து ஒயரெல்லாம் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தன் மேல் குற்றமில்லை என்று சத்தியம் பண்ணினார். மேற்றிராசனத்து ஆயர் இல்லத்திலிருந்து விசாரித்து வந்த கடிதத்துக்குக் கிளமென்ட் சாமியார் மூன்று நாள் யோசித்து, ஒலிபெருக்கிக் கோளாறு, சரிசெய்யப்பட்டு வருகிறது என்று பதில் போட்டார். பெண்கள் அந்தந்த இடத்தில் சுக்குக் கருப்பட்டி வைத்துப் பார்க்க, எறும்பு வந்து பீடத்து விரிப்புவரை ஏறி, பூசைக்கு நடுவே சாமியாரின் காலைக் கடித்த பிறகு கருப்பட்டிக்குத் தடை வந்தது. பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒரு கிழவரின் இருமலை வைத்தே தாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். மஸ்கட்டில் இருக்கிற மகன்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "அம்மா எடத்துல கொஞ்சம் போன வையி மச்சான்" என்பார்கள். இருமலைக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்காவ என்று வைத்துவிடுவார்கள். அம்மாவை மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

மருமகள்கள் பாடுதான் திண்டாட்டம். மாமியார் கல்லு மாதிரி இருக்காவ என்று கடைத்தெருவில் சொல்லியிருப்பாள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை அந்த மாமியார் நெஞ்சில் சளி கட்டிய சத்தத்தைக் கோயில் முழுக்கக் கேட்டிருக்கும். பூசை முடிந்ததும் நாலு பேர் சுற்றி நின்று, "ஏட்டி, எப்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற?" என்பார்கள். அப்படி ரெண்டு மூன்று கிழடுகள் பிழைத்ததும் உண்மை, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. சத்தம் கேட்டாச்சு, உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தாச்சு, பிறகு எதற்கு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று ஜனங்களுக்குத் தோன்றிவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளி நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற கூட்டத்தில் முன்பு எட்டுப் பேர் இருந்தார்கள். பங்குனியில் மூன்று பேர் ஆனார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி ஜெசிந்தா டீச்சர். அங்கன்வாடியில் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் பெயரை வாசித்து ஓய்வுபெற்றவள், ஐம்பத்தொன்பது வயது, புருஷன் இல்லை, மகள் திருச்சியில். நோயாளிகள் நோட்டை எழுதுவது அவள் பொறுப்பு. ஞாயிறு பூசை தொடக்கத்தில் மைக் முன்னால் நின்று நோயாளிகளின் பெயரையும், இறந்தோர் ஆன்ம இளைப்பாற்றிக்கான பெயரையும் வாசிப்பதும் அவளே. யாராவது இறந்துவிட்டால் நோட்டில் அந்தப் பெயரை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் நேராக அடிப்பாள். அந்தக் கோட்டின் நேர்த்தியைச் சாமியாரே பாராட்டியிருக்கிறார். எதையும் சரியாகச் செய்துவிட்டோமா என்று வீட்டுக்குப் போய் இன்னொரு முறை நினைத்துப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு.

நோட்டில் பெயர் பதினொன்று. கோயிலில் இருமலும் பதினொன்று. தவக்காலத்து முதல் ஞாயிறன்று அது பன்னிரண்டானது.

அன்று அவள் இறந்தோர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். செத்தவர்களுக்கு அங்கே குடும்பப் பெயர் சேர்த்து வாசிப்பதில்லை, ஆண்டவருக்குத் தெரியாதா யார் யாரென்று என்பது அந்தக் கோயில் வழக்கம். "சலேத்தம்மாள்" என்று வாசித்தாள். பெண்கள் பக்கம், மூன்றாவது தூணடியில், பக்கவாசலுக்குப் போகிற வழியில், மெலிந்த இருமல் ஒன்று வந்தது. இருமி முடித்து, "சேசு மரி சூசை" என்று திருக்குடும்பத்து மூன்று பெயரையும் மூச்சுக்குள் முணுமுணுத்தது. மற்ற இருமல்களெல்லாம் பூசை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரும், போகும். இது அந்தப் பெயருக்கு மட்டும்தான் வந்தது. அடுத்த ஞாயிறும் சலேத்தம்மாள் என்றதும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது.

மூன்றாவது ஞாயிறு, ஆண்கள் பக்கத்திலிருந்து கஸ்பார் எழுந்து நின்றான். பங்குப் பேரவையின் துணைத்தலைவர், ரெண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரன், ஊரில் யார் முன்னாலும் குரல் தாழ்த்தாத ஆள். போன ஐப்பசியில்தான் அவன் அம்மா சலேத்தம்மாள் கர்வாலியோவை அடக்கம் பண்ணினார்கள். அவன் அத்தனை ஜனத்துக்கும் நடுவே, "எங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அதோடு ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமம். மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கடன் தீரும்வரை ஆத்துமங்கள் காத்துக் கிடந்து வேகிற இடம் அது என்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள்தானே எல்லோரும். பெயர் சொன்னதும் பதில் சொல்கிறது, செபம் கேட்கிறது, வேறென்ன? தூணடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், சாயங்காலம் கூடிச் செபமாலை சொன்னார்கள், பக்கத்துப் பங்குகளிலிருந்து வேன் பிடித்து வந்து முழங்காலில் நின்றார்கள். கஸ்பார் வழக்கத்தை மீறிப் பெண்கள் பக்கம் வந்து தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒருத்தியும் தடுக்கவில்லை. அவன் தரையைப் பார்த்து, "யம்மா, சின்னவனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம்" என்று மெதுவாகப் பேசுவதைக் கேட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கஸ்பாரின் அம்மா மூட்டு வலிக்காரி, கடைசி பத்து வருஷம் முன்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, மகன் வாங்கிப்போட்ட நாற்காலியில்தான் உட்காருவாள். அந்த அம்மா எதற்கு மூன்றாவது தூணடியில் தரையிலிருந்து இரும வேண்டும்? கஸ்பாரிடமே கேட்டாள்.

"செத்தவங்களுக்கு நாற்காலி எதுக்கு டீச்சர்" என்றான் அவன்.

தூணடியில் முன்பு யார் உட்காருவார்கள் என்று பெண்களிடம் கேட்டுப் பார்த்தாள். யாரோ ஒருத்தி உண்டு என்றார்கள். சாம்பல் கலர் சேலை என்றாள் ஒருத்தி. செருப்பை வாசலில் விடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளும் என்றாள் இன்னொருத்தி. போகிற வழி அல்லவா, நாம் வருகிறதைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொள்ளும் என்றாள் மூன்றாமவள். காலைத் தாண்டிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முகம் ஒருத்திக்கும் நினைவில்லை. ஜெசிந்தா தானும் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. ஒரு மனுஷி நாற்பது வருஷம் நம் காலடியில் இருந்திருக்கிறாள், யாரென்று தெரியவில்லையே.

இதற்கிடையில் இருமல் தேய்ந்துகொண்டே வந்தது. குருத்தோலை ஞாயிறுவரை "சேசு மரி சூசை" என்று முழுதாகச் சொன்னது. உயிர்ப்புத் திருநாளுக்கு அப்புறம் சூசையைக் காணோம், "சேசு மரி" என்பதோடு மூச்சு நின்றுபோனது. வைகாசி பிறந்தபோது மரியும் போய், "சேசு" மட்டும் மிஞ்சியது. ஊர் இதைக் கொண்டாடியது. ஆத்துமம் கரையேறுகிறது, செபம் பலிக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் மோட்சம் என்று கஸ்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தான். ஜெசிந்தா கற்கண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தேய்வது ஆத்துமத்தின் பாவமா, இல்லை எங்கேயோ ஒரு மனுஷியின் மூச்சா என்று அவளுக்குள் ஒரு கேள்வி கிடந்து பிறாண்டியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் நோயாளிகள் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஐப்பசிப் பக்கம் வந்தது. அடுத்தடுத்த வரிகளில் ரெண்டு பெயர். சலேத்தம்மாள் க., சலேத்தம்மாள் ம. ரெண்டுமே சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தன. ரெண்டுமே அவள் கோடுதான், ரெண்டும் நேராக இருந்தன.

சலேத்தம்மாள் ம. என்றால் மச்சாது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, வராமல் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். கஸ்பாரின் அம்மா செத்த அன்று அவசரத்தில் ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கி, மச்சாதின் பெயரை அடித்திருக்கிறது. கார்த்திகையில் பக்கத்தைப் பார்த்து, அட, கர்வாலியோ பெயரை அடிக்க விட்டுவிட்டேனே என்று அதையும் அடித்திருக்கிறாள். மச்சாதுக் கிழவி இருந்ததோ புதுவீட்டில். கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு அப்புறம் உப்பளத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது, இருபது வருஷமாகியும் பெயர் புதுவீடுதான், கோயிலிலிருந்து மேற்கே ரெண்டு கிலோமீட்டர், முன்பு நற்கருணையோடு அங்கே போனது கூட்டத்தில் வேறு ஆட்கள். வீடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துச் செபம் சொல்கிற அன்பியங்களில் சந்தியாகப்பர் அன்பியம் புதுவீடு வியாகுல மாதா அன்பியத்தைச் சேர்ந்தது என்று நினைத்தது, வியாகுல மாதா அன்பியம் சந்தியாகப்பரைச் சேர்ந்தது என்று நினைத்தது. ஏழு மாதம் அந்த வீட்டுக்கு ஒருத்தரும் போகவில்லை. ஜெசிந்தா முகத்தைக்கூடக் கழுவாமல் ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

புதுவீட்டில் கடைசி வரிசை, கடைசி வீடு. பக்கத்து வீட்டு வாசலில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற உலகம்மாள் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் பிரசவத்துக்கு விளாத்திகுளம் போய்ப் பத்து நாள் கழித்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள்.

"கோயில்லேருந்தா வாறிய?" என்று உலகம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "இப்பமாவது வழி தெரிஞ்சுதே. நாந்தான் தெனமும் கஞ்சி ஊத்துவேன், ஊருக்குப் போகையில எதுத்த வீட்டுப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். அவ குடுத்தா வாங்க மாட்டேங்குதாம். என்னையப் பாத்தா மட்டும் சம்மனசு வந்துட்டுன்னு சொல்லி வாயத் தொறக்கும். அப்படின்னா என்னக்கா? எம் பேரு உலகம்மா."

சம்மனசு என்றால் வானதூதர். அதைச் சொல்லாமல் ஜெசிந்தா உள்ளே நுழைந்தாள்.

உள்ளே பாயில் சலேத்தம்மாள் மச்சாது மல்லாந்து கிடந்தாள், கையை நெஞ்சில் கட்டி, அதில் செபமாலையைச் சுற்றி, பெட்டியில் வைப்பதற்குத் தயாராக இருக்கிற மாதிரி. சாம்பல் கலர் சேலை. கண் திறந்திருந்தது.

"பாட்டி, நான் ஜெசிந்தா, கோயில் டீச்சர்."

"நீயும் வந்துட்டியா" என்றாள் கிழவி, குரல் காற்று மாதிரி. "ஏட்டி, எப்பம் செத்த?"

ஜெசிந்தா பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிழவி நிதானமாக, இடையிடையே மூச்சு வாங்கிச் சொன்னாள். ஐப்பசியிலே கோயில் குழாய் ரேடியோவிலே என் பேரை வாசிச்சாவ, கடல்லேருந்து அடிக்கிற கொண்டல் காத்துல நல்லாக் கேட்டுது. எங்கயோ தப்புன்னுதான் இருந்தேன். ஆனா அந்த மாசம் வெள்ளிக்கெழம நற்கருண நன்மை குடுக்க ஆளும் வரல. அடுத்த மாசமும் வரல. பேரும் வாசிச்சாச்சு, ஆளும் வரலைன்னா வேற என்ன? அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இது உத்தரிக்கிற ஸ்தலந்தான். பாரு, ஒருத்தரும் வாறதில்ல, ஒண்ணும் நடக்கதில்ல, உக்காந்து உக்காந்து காத்துக் கெடக்கணும். ஞாயித்துக்கெழம பேரு வாசிக்கையில மட்டும் இருக்கேன்னு ஒரு சத்தம் குடுப்பேன். குடுக்கணும்லா?

"நீங்க சாகல பாட்டி. நாந்தான் தப்பா அடிச்சிட்டேன். கொஞ்சம் கஞ்சி குடிங்க."

கிழவி வாயை இறுக மூடிக்கொண்டாள். உலகம்மாள் ஓடிப்போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து நீட்டினாள். சம்மனசு கையாலும் இப்போது வேண்டாம் என்றாள். "பாவக்கடன் தீரப் போகுது. இனிமே சாப்பிடக் கூடாது" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாமியாரும் மருந்தகத்துச் சிஸ்டரும் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். சிஸ்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால் வழி தாங்காது, இதுவும் ரெண்டு நாளைக்குத்தான், வாயால் சாப்பிட்டால்தான் பிழைப்பு என்றாள். கிளமென்ட் சாமியார் முழங்காலிட்டு, "பாட்டி, நீங்க உயிரோடதான் இருக்கீங்க, நான் பங்குச் சாமியார் சொல்றேன்" என்றார். கிழவி அவரை மரியாதையோடு பார்த்தாள்.

"சாமி, நீங்க சின்னப்பிள்ள. வீட்டுல வந்து சொல்லுறதெல்லாம் கணக்கில்ல. கோயில்ல வாசிச்சது வாசிச்சதுதான். கோயில்லதான் திருத்தணும்."

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் குடியிருக்கிற பங்களாவில் அவரும் ஜெசிந்தாவும் கஸ்பாரும் மட்டும் உட்கார்ந்தார்கள். நடந்ததை ஜெசிந்தா ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் மேல் தப்பு என்பதை மூன்று தடவை சொன்னாள். நாளைக்குப் பூசையில் திருத்தி வாசிக்கப் போகிறேன் என்றாள். கஸ்பார் கத்தப் போகிறான் என்று சாமியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கத்தவில்லை.

"அப்ப எங்கம்மா எங்க?" என்றான்.

சாமியார் மேசைமேல் கிடந்த நோட்டை மூடினார்.

"பன்னெண்டு வாரமா அந்தத் தூணுகிட்ட பேசுதேன் டீச்சர். வீட்டு விஷயமெல்லாம் சொல்லியிருக்கேன். அவிய உயிரோட இருக்கையில ஒருநாளும் இப்படி உக்காந்து பேசினதில்ல. வேற யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தேன்னு இப்பம் சொல்லுதிய." அவன் எழுந்தான். "வாசிக்காதிய. அந்தக் கெழவிக்கு வேற ஏதாச்சும் சொல்லிச் சாப்பிட வைங்க. எங்கம்மா இருமல எடுத்துராதிய."

அவன் போன பிறகு சாமியார் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா நான் வாசிப்பேன் என்றாள்.

ஞாயிறு காலை ஆறு மணிப் பூசை. விடிந்ததிலிருந்தே புழுக்கம், கடல் அசையாமல் கிடந்தது. சேதி எப்படியோ பரவிக் கோயில் நிறைந்திருந்தது. கஸ்பார் வழக்கம்போலத் தூணடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா மைக் முன்னால் போனாள். நோயாளிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, செத்தவர்களுக்கு ஒன்று உண்டு, சாகாதவர்களுக்கு என்று ஒரு பட்டியல் அந்தக் கோயிலில் இதுவரை கிடையாது.

"புதுவீட்டில் வசிக்கும் சலேத்தம்மாள் மச்சாது" என்றாள். "இறக்கவில்லை. அவர் உயிரோடிருக்கிறார். அவர் பெயரை நோட்டில் அடித்தது நான். ஏழு மாதம் அவரைப் பார்க்கப் போகாததும் நாம்தான். இது கோயிலில் வாசிக்கப்படுகிறது."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். கஸ்பார் தரையில் கையை வைத்தான்.

ஒன்றும் வரவில்லை.

அவள் இன்னொரு தடவை வாசித்தாள், இந்தத் தடவை சத்தமாக. லேயோன் மாமா இருமினார். இன்னும் ரெண்டு பேர் இருமினார்கள். மூன்றாவது தூணடி அப்படியே கிடந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "போயிட்டுது போலருக்கு" என்று மெதுவாகச் சொல்லிச் சிலுவை போட்டாள். கொன்றுவிட்டேன், ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டுக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தபடி ஜெசிந்தா, பூசை தொடங்கியும் தொடங்காமலும் இருக்க, நடு வழியாக நடந்து வெளியே போனாள். வாசலில் செருப்பைத் தேட நிற்கவில்லை. பின்னாலேயே பைக் ஒன்று உறுமி வந்து நின்றது.

"ஏறுங்க" என்றான் கஸ்பார்.

உப்பளத்துக்குத் திரும்புகிற இடத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மேற்கேயிருந்து அந்த வருஷத்து முதல் கச்சான். கோயில் சத்தத்தையெல்லாம் அள்ளிக் கடலுக்குக் கொண்டுபோகிற காற்று அது. ஜெசிந்தாவின் மனசில் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்தது, அதை நம்பவும் பயமாயிருந்தது.

கிழவி பாயில் அப்படியேதான் கிடந்தாள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, வாசிச்சாச்சு. கோயில்ல வாசிச்சாச்சு."

"கேக்கலயே" என்றாள் கிழவி. உதடுதான் அசைந்தது. "பேரே கேக்கல இன்னிக்கு. கூப்பிடுறத நிப்பாட்டிட்டாவ. முடிஞ்சிட்டு."

"காத்து மாறிட்டு பாட்டி. கச்சான் வீசுது. நான் வாசிச்சேன், சத்தியமா வாசிச்சேன்." ஜெசிந்தா அங்கேயே நின்று வாசித்தாள், வார்த்தை மாறாமல், அழுதுகொண்டே. கிழவி செபமாலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வீட்டில் வந்து சொல்வது கணக்கில்லை என்று முன்பே சொல்லியாயிற்று அல்லவா.

கஸ்பார் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தான். அவ்வளவு உயரமான ஆள் தலையைக் குனிந்து உள்ளே வந்து, பாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பன்னிரண்டு வாரமாகத் தூணடியில் உட்கார்ந்த அதே இருப்பு. கிழவி கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீதான சின்னவனுக்குப் பொண்ணு பாத்திருக்கேன்னு சொன்னது" என்றாள்.

"ஆமா" என்றான் கஸ்பார். "பெரியம்மா, ஐப்பசியில செத்தது எங்கம்மா. அவிய பேரும் சலேத்தம்மாதான். நாந்தான் கொள்ளி... நாந்தான் முதல் பிடி மண்ணு போட்டேன். அது எங்க வீட்டுச் சாவு. மாறி உங்ககிட்ட வந்துட்டு. நீங்க வச்சிருக்கவரைக்கும் நான் எங்கம்மாவுக்கு அழ முடியல. அத எனக்குத் திருப்பித் தந்துருங்க."

கிழவி யோசித்தாள். ஏழு மாதம் ஒழுங்காகச் செத்துக் கிடந்தவள், சும்மா எழுந்துவிட முடியுமா? கூரையைப் பார்த்தாள், உலகம்மாளைப் பார்த்தாள், பெயரை அடித்த டீச்சரைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்து, விரலில் சுற்றியிருந்த செபமாலையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கம்மாவோடதுன்னா எடுத்துக்கப்பா" என்றாள். "எனக்கெதுக்கு."

கஸ்பார் பாயின் ஓரத்தில் நெற்றியை வைத்து அழுதான், ஐப்பசியில் அழுதிருக்க வேண்டிய அழுகை. கிழவியின் கை தடவித் தடவிப் போய் அவன் தலைமேல் இருந்தது. ஜெசிந்தா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது நழுவி விழுமோ என்று. கை விழவில்லை. கிழவியின் முகம் மெல்லச் சுருங்கியது, வலி வந்தது போல. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி டீச்சரு" என்றாள். "எனக்குப் பசிக்குது."

உலகம்மாள் எழுந்து ஓடினாள்.